கயிறு யார் கையில்

நனைந்த தேங்காய் நார்க் கயிறு வெயிலில் காயும்போது ஒரு வாசனை வரும். கொஞ்சம் அழுகல், கொஞ்சம் புகை, கொஞ்சம் உப்பு. ஐந்து ஊர் மாறி ஆறாவது ஊருக்கு வந்திருக்கிறேன். எந்த ஊரிலும் நாலு வருஷத்துக்கு மேல் என் கால் தரிப்பதில்லை. இந்த ஊரில் கடல் கிடையாது. நேற்றுக் காலையில் வாடகை வீட்டுக் கிணற்றடியில் யாரோ புதுக் கயிற்றை நனைத்துக் காயப்போட்டிருந்தார்கள். பல் விளக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். கிணற்றுக் கயிற்றில் உப்பு ஏது? உப்பை நான்தான் போட்டுக்கொண்டேன்.

உப்பு வந்ததும் கடல் வந்தது. கடல் வந்ததும் தூத்துக்குடி வந்தது. உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள். முத்துச் சிப்பி பல காலமாகக் கை விரித்துவிட்டிருந்தது. ஆனால் சங்கு இருந்தது. மழை ஓய்ந்து கடல் தெளிந்ததும், முங்கிச் சங்கெடுக்கும் குளிகாரர்கள் வள்ளம் ஏறிப் போவார்கள். காலுக்குக் கீழே ஒரு கல், இடுப்பில் ஒரு கயிறு, கழுத்தில் ஒரு வலைப்பை. கல்லோடு இறங்கி, மூச்சு நிற்கும் வரை கடலின் தரையில் தடவிச் சங்கு பொறுக்கி, கயிற்றைச் சுண்டுவார்கள். வள்ளத்தில் இருப்பவர் இழுப்பார். அவ்வளவுதான் தொழில். சொல்லும்போது அவ்வளவுதான்.

கரையில் ஓலைக் கொட்டகை ஒன்று. அங்கே சர்க்கார் சார்பில் சங்கை வாங்க ஒரு வெள்ளைக்கார அதிகாரி உட்கார்ந்திருப்பார். துரை என்போம். ஓட்டை போட்ட பலகை ஒன்று அவர் முன்னால் கிடக்கும். ஓட்டைக்குள் நுழைந்து விழுகிற சங்கு சின்னது; அதை மறுபடி கடலில் போட வேண்டும். துரைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. அதில் நான். துரை பேசும் இங்கிலீஷைத் தமிழில் சொல்வதும், குளிகாரர் பேசும் தமிழை இங்கிலீஷில் சொல்வதும் என் உத்தியோகம்.

நான் ஆழ்வார்திருநகரிக்கு மேற்கே வயல்காட்டில் பிறந்தவன். ஆற்றுத் தண்ணீரை இடுப்பளவுக்கு மேல் அறியாதவன். மீன் சாப்பிடாத பிள்ளைமார் வீடு. இங்கிலீஷ் தெரியும் என்பதைத் தவிர அந்தக் கொட்டகையில் உட்கார எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. ஆனால் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. நான் பேச்சை மாற்றிச் சொல்கிறவன் மட்டுமல்ல, மெழுகிச் சொல்கிறவன் என்ற கர்வம்.

"இந்த மடையர்களுக்கு எத்தனை முறை சொல்வது?" என்று துரை எரிந்து விழுவார். நான் திரும்பி, "துரை இன்னொரு வாட்டி அன்பாச் சொல்லச் சொல்லுதாக" என்பேன். குளிகாரர்களில் ஒருவர், "இந்தச் செவத்த மூஞ்சிக்குக் கடலப் பத்தி என்ன மயிரு தெரியும், கேளும் பிள்ள" என்பார். நான் துரையிடம் திரும்பி, கடலைப் பற்றித் தங்கள் கருத்தை அறிய இவர்கள் ஆவலாக இருக்கிறார்கள் என்பேன். துரைக்கு முகம் மலர்ந்துவிடும். அரைமணி நேரம் கடலைப் பற்றிப் பேசுவார். அதை நான் இரண்டு வாக்கியத்தில் முடிப்பேன். இவ்வளவு நேரம் பேசியதற்கு இவ்வளவுதானா என்று அவரும் கேட்கவில்லை, இவர்களும் கேட்கவில்லை. எல்லோருக்கும் என்மேல் பிரியம். ஒரு வருஷம் அந்தக் கொட்டகையில் சண்டையே வரவில்லை. உலகமெல்லாம் குண்டு போட்டுக்கொண்டிருக்க, ஓலைக்குக் கீழே சமாதானம். அது என் கைவேலை என்று நினைத்து, தினமும் மாலையில் தலையை நிமிர்த்தி வீட்டுக்கு நடப்பேன்.

துரை கெட்டவர் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒல்லியான மனிதர், மூக்கு நுனி எப்போதும் தோல் உரிந்து கிடக்கும். வள்ளங்கள் திரும்பும் நேரம் எழுந்து போய்க் கரையில் நிற்பார். ஒவ்வொரு தலையாக எண்ணுவார். சங்கை எண்ணுவதற்கு முன்னால் தலையை எண்ணுகிற துரை அவர் ஒருவர்தான் என்று குளிகாரர்களே சொல்வார்கள்.

அப்படி நின்ற ஒருநாள் அவர் கண்ணில் ஒன்று பட்டது. எங்கள் கரையிலேயே நல்ல குளிகாரர் என்று பெயர் எடுத்தவர் ஒருவர். முப்பது வயசு இருக்கும். கருங்கல்லில் செதுக்கியது போல உடம்பு, மேலே குழந்தை முகம். அவருடைய கயிற்றைப் பிடிக்கிறவரோ காற்றடித்தால் விழுகிற ஆள். அதோடு இழுப்பு நோய். வள்ளத்திலிருந்து இறங்கி வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். துரை என்னைக் கூப்பிட்டு, "அந்த மனிதரின் உயிர் இந்த மனிதரின் கையிலா இருக்கிறது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்று முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை, மூட்டை நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்றைக் கொட்டகைத் தூணில் கட்டச் சொன்னார். கயிறு பிடிக்கிற எல்லோரும் வந்து கொக்கியை இழுக்க வேண்டும். முள் எவ்வளவு ஏறுகிறது என்று அவர் எழுதிக்கொள்வார். ஊரே திரண்டுவிட்டது. கோயில் திருநாள் தோற்றது. ஒவ்வொருவரும் இழுக்க இழுக்க, "ஏலே, நேத்து கஞ்சி குடிச்சியா இல்லையா", "முள்ள இழுக்கச் சொன்னா மூஞ்ச இழுக்கான் பாரு" என்று ஒரே சிரிப்பு. இழுப்பு நோய்க்காரர் இழுத்தபோது முள் அசைந்ததாகவே தெரியவில்லை. அவர் கொக்கியை விட்டுவிட்டு, "தராசு துருப்புடிச்சுக் கெடக்கு" என்றார். சிரிப்பில் அவர்தான் முதலாக இருந்தார்.

கடைசியாகப் புன்னைக்காயலிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கிற ஒருவர் இழுத்தார். நாற்பது வயசு, முதுகு ஒரு கதவு அகலம். முள் போய்க் கடைசிக் கோட்டில் இடித்து நின்றது. கூட்டம் கை தட்டியது. துரையும் தட்டினார். அங்கேயே உத்தரவு போட்டார்: நல்ல குளிகாரருக்கு இனிப் புன்னைக்காயல்காரர் கயிறு பிடிப்பார். மற்றவர்களுக்கும் பலத்தின் வரிசைப்படி மாற்றப்படும். இழுப்பு நோய்க்காரர் வள்ளத்தில் தண்ணீர் இறைக்கட்டும்.

நான் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. "சரிங்க தொர" என்று நல்ல குளிகாரர் கும்பிட்டார். புன்னைக்காயல்காரர் அவர் தோளில் தட்டினார். எல்லாம் சுபம் என்று நான் துரையிடம் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை நல்ல குளிகாரருக்குக் காது வலி. புதன்கிழமை சளி, சளி பிடித்தால் கடலில் முங்கக் கூடாது. வியாழக்கிழமை மாதா கோயிலில் ஒரு துக்கப் பூசை. அவருக்கு மட்டும் அல்ல. ஒருவருக்கு வயிறு, ஒருவருக்குக் கனவில் கெட்ட சகுனம், ஒருவருக்குத் தண்ணீர் கலங்கல். கடலோ கண்ணாடி மாதிரி கிடந்தது. ஒவ்வொன்றையும் நான் எழுத்துப் பிசகாமல் துரையிடம் சொன்னேன். மெழுகுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. அவர்களே மெழுகித்தான் கொடுத்தார்கள்.

"என்னை முட்டாள் என்று நினைக்கிறார்களா?" என்றார் துரை. அன்று அவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "வரும் திங்கட்கிழமை நான் சொன்ன ஆளை வைத்துக் கடலில் இறங்காதவர்கள் வில்லையைத் திருப்பிக் கொடுத்துவிடட்டும்."

குளிகாரர் ஒவ்வொருவருக்கும் எண் அடித்த பித்தளை வில்லை உண்டு. அது கழுத்தில் இல்லாவிட்டால் எந்த வள்ளத்திலும் ஏற முடியாது. நல்ல குளிகாரரின் கழுத்தில் அது தோலோடு ஒட்டிப் பச்சையாகக் கிடக்கும். அவருக்குக் கடலைத் தவிர வேறு தொழில் தெரியாது. மற்றவர்களைப் போல வலையும் இல்லை, படகும் இல்லை. அது போனால் அவர் கரையில் விழுந்த மீன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. அவருடைய மனைவி இருந்தார். உள்ளே குசினியில் ஏதோ பொரிந்துகொண்டிருந்தது. "வாங்க அண்ணாச்சி" என்று பாய் விரித்தார். கருப்பட்டிக் காப்பி வந்தது. அதன் பின்னால் ஒரு தட்டு வந்தது. தட்டில் பொரித்த மீன், பொன்னிறமாக, என்னையே பார்த்துக்கொண்டு.

"சாப்பிடுங்க. இப்பத்தான் வந்தது."

நான் தட்டைப் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் சாப்பிடுவதில்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் கை தொட்டதால் மறுக்கிறேன் என்று நினைத்துக்கொள்வாரோ என்று இருந்தது. "இன்னைக்கு எனக்கு வயித்துக்குச் சரியில்லம்மா" என்றேன்.

அவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையை வாயில் வைத்து அடக்கியும் நிற்காத சிரிப்பு.

"நீங்க சாப்பிட மாட்டியன்னு எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? வெறுங்கையா அனுப்பக் கூடாதேன்னு வச்சேன். நீங்களும் எங்க ஆளுவ மாதிரிதான். வாய்க்கு வராததத் தூக்கி வயித்துல போட்டுருதிய."

எனக்குத் தலையில் யாரோ தட்டியது போல இருந்தது. நாலு நாளாகக் காது, சளி, பூசை என்று ஒவ்வொன்றையும் மொழி மாற்றியவன் நான். அந்த வயிற்று வலி எந்த நோவு என்று என் வயிற்றை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது.

"காது வலி இல்லையா அப்போ?"

"காதும் இல்ல, கழுத்தும் இல்ல." சிரிப்பு நின்றுவிட்டது. "இவிய கயித்த இத்தன நாளும் புடிச்ச அந்த இழுப்புக்காரரு யாரு தெரியுமா? எங்கூடப் பொறந்த அண்ணன். இந்தக் கரையில கயிறு மச்சான் கையிலதான் இருக்கணும். பொண்டாட்டியோட அண்ணந் தம்பி. கல்யாணத்தன்னைக்கே எங்க அண்ணன் கையில கயித்துத் துண்டக் குடுத்து எங்க அப்பா கேட்டாக, புடிப்பியான்னு. புடிப்பேன்னான். தங்கச்சி தாலி அறுக்க எந்த அண்ணன் கயித்த விடுவான்? கல்லுல கால வச்சதும் இவிய 'மச்சான், வாரேன்'னுதான் சொல்லுவாக. வேற ஒரு வார்த்த பேச மாட்டாக. அப்புறம் முங்குவாக."

"இதைத் துரையிடம் சொன்னால் என்ன?"

"எப்படிச் சொல்ல? சொன்னா, புன்னைக்காயலார நம்பலன்னு ஆயிராதா? தங்கமான மனுசன். போன வருசம் எம் பிள்ளைக்குக் காய்ச்சல்னு ஒரு கூடை எளநீ சுமந்துட்டு வந்தாரு. அவரு காதுல இது விழலாமா? நீங்களும் சொல்லக் கூடாது அண்ணாச்சி. சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் பண்ணினேன். காப்பி டம்ளரின் மேல் கை வைத்து.

சனிக்கிழமை காலை துரை பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு, "எண்களைச் சொல், திங்கட்கிழமை இறங்காவிட்டால் வில்லைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர்களின் பட்டியல்" என்றார். முதல் எண் நல்ல குளிகாரருடையது. எண்ணைச் சொல்லாமல் வாசல் பக்கம் திரும்பினேன். வெளியே குளிகாரர்கள் மணலில் குந்தியிருந்தார்கள், புன்னைக்காயல்காரரும் இருந்தார். பித்தளை வில்லை கழுத்தில் மினுங்க நல்ல குளிகாரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான் என்று நினைத்தேன். இங்கிலீஷில்தானே சொல்கிறோம், யாருக்குப் புரியப்போகிறது என்றும் நினைத்தேன். சொல்லிவிட்டேன். மச்சான், கயிறு, கல்யாணம், எல்லாம். பிற ஆளை நம்பி அவர்கள் இறங்க மாட்டார்கள் என்றும்.

துரை பென்சிலைக் கீழே வைத்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கடைசியில் ஒரு நேரான பதில் கிடைத்துவிட்டது என்ற வெளிச்சம். அவர் ஊரில் ஒருவனைப் பற்றிச் சந்தேகம் எழுந்தால் அவனை எதிரில் நிறுத்தித் தீர்த்துவிடுவதுதான் மரியாதையாம், பிறகு சொன்னார். எழுந்து வெளியே போனார். நேராகப் புன்னைக்காயல்காரரிடம் போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்னைப் பார்த்து, "இதை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்" என்றார். "இவர் நாணயமான மனிதர். இவர் ஒருவரைக் கடலில் மூழ்க விட்டுவிடுவார் என்பதை நான் நம்பவில்லை. வேறு யாரும் நம்பவும் கூடாது."

நான் சொன்னேன். ஒரு வருஷத்தில் முதல் முறையாக ஒன்றையும் மெழுகாமல், ஒரு சொல்லையும் விடாமல், அப்படியே சொன்னேன்.

"அப்படி யாரு சொன்னா?" என்று கேட்டார் புன்னைக்காயல்காரர். மெதுவாகத்தான் கேட்டார். அவர் கை இன்னும் துரையின் கைக்குள் இருந்தது. அதை உருவிக்கொண்டார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டார். "சரி" என்றார். "நான் ஊருக்குப் போறேன்." மணலில் நடந்துபோன அந்த அகலமான முதுகு குறுகிக்கொண்டே போயிற்று. நல்ல குளிகாரர் துரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கூட்டம் கலைந்த பிறகு துரை, "நான் அவரைக் கௌரவித்தேன். ஏன் போய்விட்டார்?" என்றார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. நான் உட்காராமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டதைச் சொன்னேன் என்பதை, ஒரு வருஷமாக அவர் பேச்சையும் இவர்கள் பேச்சையும் எனக்குப் பிடித்த மாதிரி மாற்றி வந்ததை, செவத்த மூஞ்சியைக்கூட.

துரை என் காலி முக்காலியைப் பார்த்தார். "அப்படியானால் ஒரு வருடமாக நான் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன்?" என்று கேட்டார்.

"என்னோடுதான்" என்றேன்.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் ஓட்டைப் பலகையை எடுத்து, சங்கு இல்லாமலே அதன் ஓட்டைக்குள் விரலை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்தப் பலகையிடம் சொல்வது போலச் சொன்னார். அவருடைய ஊரும் மீன்பிடி ஊர்தான். குளிர்ந்த கடல், விழுந்தால் சில நிமிஷம்தான். அவருடைய அண்ணன் படகிலிருந்து விழுந்தார். கயிறு வீசினார்கள், அண்ணன் அதை எட்டிப் பிடித்துக்கொண்டார். மறுமுனையில் இருந்தது அவர்களுடைய அப்பா. வயதானவர். "என் அப்பாவைவிட அவனை நேசித்தவர் உலகத்தில் இல்லை" என்றார் துரை. "நேசம் இருந்தது. கையில் பலம்தான் இல்லை."

தராசை ஏன் கட்டினார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரே கொட்டகையில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் ஒரே உயிருக்குத்தான் பயந்துகொண்டிருந்திருக்கிறார்கள். ஒரு பக்கம் பலத்தை நம்பியது, ஒரு பக்கம் உறவை. இரண்டு பக்கமும் காரணத்தைச் சொல்லவில்லை. நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த நான் காரணத்தைக் கேட்கவும் இல்லை.

"இதை நல்ல குளிகாரரிடம் நான் சொல்லலாமா?" என்று கேட்டேன். அந்த உத்தியோகத்தில் நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. யோசித்தார். "அவரிடமும் அவர் மனைவியிடமும் மட்டும்" என்றார். பட்டியலைக் கிழித்துப் போட்டார். "கயிற்றை யார் பிடிப்பது என்று அவரே தீர்மானிக்கட்டும். ஆனால் அந்த மனிதர்..." என்று புன்னைக்காயல் பக்கம் கை காட்டினார். அதற்கு மேல் அவருக்கு இங்கிலீஷும் வரவில்லை.

மறுநாள் ஞாயிறு. கரி போட்டு ஓடும் பஸ்ஸில் பாதி தூரம், மணலில் நடந்து மீதி தூரம். புன்னைக்காயலில் பூசை முடிந்து எல்லோரும் கோயிலுக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். என்னைக் கண்டதும் நண்பர்களை விட்டு ஒதுங்கி வந்தார்.

"வாரும் பிள்ளவாள். தொர மறுபடியும் கை குலுக்க அனுப்புனாரா?"

"இல்ல. நான் சொல்லணும்னு வந்தேன். நேத்து தொரகிட்ட சொன்னது வேற யாரும் இல்ல, நான்தான். அவங்க யாரும் உங்களப் பத்திக் குறைவா ஒரு சொல் சொல்லல. சொல்லாதீங்கன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க. நான்தான் சொன்னேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அந்தக் கை என்மேல் விழுந்திருந்தால் நான் தராசு முள்ளாகியிருப்பேன்.

"ஏன் பிள்ளவாள், நான் கயிறு புடிக்கவன் மட்டும்னா நெனச்சீரு? பத்து வருசம் நானும் குளிச்சவன். காது ரெண்டும் கிழிஞ்சுதான் மேல வந்தேன். எம் மச்சானத் தவிர ஒரு பய எங்கயித்தத் தொட விட்டிருக்க மாட்டேன். அவன் ஏன் காது வலிங்கான்னு செவ்வாக்கிழமையே எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"அவனுக்குந் தெரியும், எனக்குந் தெரியும். எனக்குத் தெரியும்னு அவனுக்குந் தெரியும். அவன் காது வலின்னான், நானும் பாவம் காது வலின்னு கேட்டுக்கிட்டேன். சாயங்காலம் ரெண்டு பேரும் சேந்துதான் வெத்தல போட்டோம். ஒண்ணுங் கெட்டுப்போவல. நீரு அதத் தூக்கி வெயில்ல வச்சு, அதுக்குமேல வெள்ளக்காரன் வேற வந்து, இவன் கொல மாட்டான்னு நடுக்கரையில சொல்லுதான். கொல மாட்டான்னு ஒருத்தனப் பத்தி ஊரக் கூட்டிச் சொல்லலாமா?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. துரைக்கு அதெல்லாம் தெரியாது, அவர் ஊர் வழக்கம் அப்படி, மரியாதை என்று நினைத்துச் செய்தார் என்றேன்.

"அது அவரு கையப் புடிச்சப்பவே தெரிஞ்சுது." என்றார். பிறகு, "பசிக்குதா? ஒம்ம வயித்து வலி எப்படி இருக்கு?" என்று கேட்டார். மீன் தட்டுக் கதை அதற்குள் புன்னைக்காயல் வரை வந்திருந்தது. வெட்கத்தோடு, வலி இல்லை, எங்கள் வீட்டில் மீன் சாப்பிடுவதில்லை என்றேன். "அப்பிடிச் சொல்லும்" என்று சிரித்து, இட்லிக்கு ஆள் அனுப்பினார்.

கிளம்பும்போது, "நாளைக்கு வருவீங்களா?" என்றேன்.

"தொர கூப்பிட்டு வர மாட்டேன். நீரு கூப்பிட்டும் வர மாட்டேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மாலையில் நல்ல குளிகாரர் வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே கூப்பிடவில்லை. நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன். நின்றபடியே துரையின் அண்ணன் கதையைச் சொன்னேன், ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல். குளிர்ந்த கடல் என்றபோது குளிகாரர் நிமிர்ந்தார். மறுமுனையில் அப்பா என்றபோது அவர் மனைவி, "ஐயோ மாதாவே" என்று கதவைப் பிடித்துக்கொண்டார். இழுப்பு நோய்க்காரரும் உள்ளே இருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இருமல் கேட்டது. பிறகு அவர் குரல்.

"ஏலே மாப்ள, நானுந்தான் ராத்திரியில நெனைப்பேன். இழுப்பு வார நேரம் நீ கீழ இருந்தா என்ன செய்வேன்னு. சொன்னா நீ வருத்தப்படுவேன்னு சொல்லல."

அந்தக் குடும்பத்துக்குள்ளேயும் ஒரு காது வலி இருந்திருக்கிறது.

"எங்க அண்ணன் கை கயித்துலதான் இருக்கும்" என்றார் அந்த அம்மா கடைசியில். "வாலப் புடிச்சிட்டுப் பின்னால உக்காரட்டும். முன்னால யாருன்னு நீங்க போயி உங்க வாயால கேளுங்க. அண்ணாச்சிய அனுப்பாதிய." பிறகு என் பக்கம் திரும்பி, "காப்பி குடிப்பியளா?" என்றார். அந்தக் காப்பியின் சூடு இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

குளிகாரர் அப்போதே தெற்கே போகிற ஒரு படகில் ஏறிப் போனார். புன்னைக்காயலில் இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. எனக்குத் தெரிய வேண்டாதவை உலகத்தில் உண்டு என்று கற்றுக்கொண்டு ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை விடியலில் வள்ளத்தில் நானும் ஏறினேன். துரையும் ஏறினார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அதை நான் மொழி மாற்றவில்லை, துரைக்கே புரிந்தது. கரைக்காற்று தள்ளிக்கொண்டு போயிற்று. ஊர் ஒரு கோடாகி, மாதா கோயில் கோபுரம் ஒரு புள்ளியானது. நான் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். இழுப்பு நோய்க்காரர் என் முதுகைத் தடவிவிட்டு, "பிள்ளக்கி இன்னைக்கு நெசமாவே வயித்துக்குச் சரியில்ல" என்றார்.

வள்ளம் நின்றது. தண்ணீர் பச்சையாக, அடிவரை வெளிச்சமாக இருந்தது. நல்ல குளிகாரர் சிலுவை போட்டுக்கொண்டார். புன்னைக்காயல்காரர் கயிற்றை எடுத்து நனைத்து, இரண்டு முறை இழுத்துப் பார்த்து, மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றினார். அவர் பின்னால் இழுப்பு நோய்க்காரர் கயிற்றின் வாலைப் பிடித்து உட்கார்ந்தார். துரை அவர்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தாரோ, ஜெபமோ. புன்னைக்காயல்காரர் கரையில் வள்ளம் ஏறியதிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் இறுகித்தான் இருந்தது.

குளிகாரர் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துத் தண்ணீருக்குள் இறங்கி, கல்லில் கால் வைத்தார். கழுத்துவரை கடல். பித்தளை வில்லை தண்ணீருக்குள் ஒருமுறை மின்னியது. மூக்கைப் பிடிக்கக் கையை உயர்த்தியவர், நிறுத்தி, அண்ணாந்து அந்த அகலமான மனிதரைப் பார்த்தார்.

"மச்சான், வாரேன்."

புன்னைக்காயல்காரர் மணிக்கட்டில் இன்னொரு சுற்றுச் சுற்றினார். கயிற்றைப் பார்த்தார்.

"போயிட்டு வாலே. ரொம்ப நேரம் நிக்காத, எனக்குப் பசிக்கி."